டீக்கன் விட்சரின் வயிற்றில் இருந்த பாஷாணம்

எங்கள் ஆஷ்பர்ன் மாவட்டத்தில் காரணம் இல்லாமல் யாரும் சாக முடியாது. காரணத்தைச் சொல்வதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் ஹோசியா பிராக்டன். மரண விசாரணை அதிகாரி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு ஆணாக இருக்க வேண்டும், சொந்த நிலம் இருக்க வேண்டும், சிறைக்குப் போயிருக்கக் கூடாது. மருத்துவம் தெரிந்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் தெரிந்த ஒருவரை எங்கள் மக்கள் ஒருபோதும் தேர்ந்தெடுத்ததில்லை.

பிராக்டன் தொழிலால் மரச்சாமான் வியாபாரி. கடையின் கீழ்த்தளத்தில் கட்டில்கள், மேல்தளத்தில் சவப்பெட்டிகள். செத்தவர்களை அலங்கரித்து, ஒரு வாரம் கெடாமல் வரவேற்பறையில் கிடத்தி வைக்கும்படி பாடம் செய்து தருவதும் அவரே. அதனால் அதிகாரியாக ஒரு வீட்டுக்குள் நுழைபவர் கடைக்காரராக வெளியே வருவார். இதில் தவறு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நான் அந்த அலுவலகத்தின் எழுத்தர். பதினோரு ஆண்டுகளில் அவர் சொன்ன மரணக் காரணங்களை நகல் எடுத்தவன். "இதயம் நின்றது" என்று இருநூற்றுப் பதினான்கு பேர். "திடீரென்று இறந்தார், அதற்கு முன் உயிரோடு இருந்தார்" என்று ஒன்பது பேர். ரயில் பாதையில் இரண்டு துண்டாகக் கிடந்த ஒருவருக்கு "தற்கொலை அல்லது நெஞ்சுச்சளி."

1895ஆம் ஆண்டு வசந்தத்தில் மிஸ் மினர்வா கோல்பி எங்களிடம் வந்து சேர்ந்தார். முப்பத்து நான்கு வயது, மணமாகாதவர். பெண்கள் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, சுவர்க்காகித ஆலை ஒன்றில் பச்சைச் சாயத்தில் எவ்வளவு பாஷாணம், அதாவது ஆர்சனிக், இருக்கிறது என்று பார்க்கும் வேலையில் எட்டு ஆண்டுகள் இருந்தார். இருக்கும் அளவை அப்படியே எழுதிக் கொடுத்ததால் ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதுவரை எங்களுக்கு விஷச் சோதனை செய்துவந்தவர் ஊர் மருந்துக்கடைக்காரர். சந்தேகப்பட்ட பொருளை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வார். ஒருமுறை சந்தேகம் சரியாக இருந்ததால் அவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார்.

இந்த நாட்டில் இப்படியொரு வேலைக்குப் பெண்ணை நியமித்த முதல் மாவட்டம் எங்களுடையதுதான் என்று அரசு வழக்கறிஞர் லூசியஸ் தேயர் கணக்கிட்டார். அவர் அடுத்த ஆண்டு ஆளுநர் பதவிக்கு நிற்பதாக இருந்தார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு விழா வைத்தோம். "இன்றுமுதல் ஆஷ்பர்ன் மாவட்டம் விஞ்ஞானத்தின் கண்களால் பார்க்கும்!" என்று தேயர் பேசினார். "அந்தக் கண்கள் ஒரு பெண்ணுடையவை. பெண் பொய் சொல்ல மாட்டாள். விஞ்ஞானமும் சொல்லாது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குற்றவாளிகளே யோசித்துக்கொள்ளட்டும்!"

பிறகு மிஸ் கோல்பியை நிலவறையில் நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் அமர்த்தினோம். அமர்த்தினோம் என்பது ஒரு பேச்சுக்கு. பெண் ஊழியருக்கு நாற்காலி தர விதி இல்லாததால் அவர் நின்றுகொண்டுதான் வேலை செய்தார்.

அந்த அக்டோபரில் டீக்கன் ஈனஸ் விட்சர் இறந்தார். எழுபத்தோரு வயது, தேவாலயத்தின் மூப்பர், இரண்டு நூலாலைகளுக்குச் சொந்தக்காரர். ஞாயிறு இரவு வேலைக்காரி ஆனோரா ஸ்கான்லன் வைத்துக் கொடுத்த சிப்பி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார். திங்கள் முழுக்க வாந்தி. செவ்வாய் மதியம் போய்விட்டார். அவருக்கு இப்படி வருவது அந்த ஆண்டில் நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் ஆனோரா சிப்பி வேண்டாம் என்றாள். ஒவ்வொரு முறையும் அவர் கேட்கவில்லை. புதன் காலை அவருடைய தங்கை மகன் வந்து சேர்ந்தான். உயிலில் தன் பேருக்குப் பக்கத்தில் வேலைக்காரியின் பேரும் இருப்பதைப் பார்த்தான். மாமாவுக்குச் சாகிற வயதே இல்லை என்று கத்தினான். அன்று மதியமே டாக்டர் ஒருவர் வயிற்றை எடுத்து ஜாடியில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். ஜாடி நிலவறைக்கு வந்தது.

மிஸ் கோல்பி செய்த சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு குப்பியில் துத்தநாகமும் அமிலமும் நுரைக்கும். அதில் சந்தேகப் பொருளைச் சொட்டுவார். கிளம்பும் வாயுவை நீண்ட கண்ணாடிக் குழாய் வழியாக அனுப்பி, குழாயின் நடுவில் விளக்கால் சுடவைப்பார். பாஷாணம் இருந்தால் குழாயின் உட்புறத்தில் கறுப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும் படலம் படியும். இல்லாவிட்டால் குழாய் சுத்தமாக இருக்கும். டீக்கனின் குழாயில் முகம் பார்க்கலாம் போல் படிந்திருந்தது.

வழக்கு இரண்டு நாள் நடந்தது. டீக்கன் இறந்ததிலிருந்து ஜாடிக்கு முத்திரை வைக்கும்வரை உடலில் யாரும் கைவைக்கவில்லை என்று பிராக்டன் பைபிள் மேல் சத்தியம் செய்தார். வயிற்றில் பாஷாணம் இருந்தது என்று மிஸ் கோல்பி சத்தியம் செய்தார். இரண்டே கேள்வி கேட்ட தேயர் குழாயை ஜூரிகளிடம் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசி ஜூரி அதில் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

ஆனோராவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"சூப்புல உப்பும் மிளகும் போட்டேன் ஐயா. வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாப் போட்டேன். அது தப்புன்னா ஒத்துக்கறேன்" என்றாள்.

பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

நவம்பரில் ஒரு நாள் மிஸ் கோல்பி சொந்தச் செலவில் நாற்காலி வாங்கக் கிளம்பினார். சொந்த நாற்காலியைப் போட்டுக்கொள்ள விதி தடுக்கவில்லை. ஆனால் அதன் அளவை அலுவலகம் சரிபார்க்க வேண்டும். அதனால் அளவுநாடாவோடு நானும் பிராக்டன் கடைக்குப் போனேன். பிராக்டன் பின்கட்டில் பெரிய வாளியில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ் கோல்பி! நீங்களும் இந்தச் சங்கதியெல்லாம் தெரிஞ்சவங்க, பாருங்க. என் சொந்தக் கலவை. இதை ரத்தக்குழாயில ஏத்தினா ஆள் பத்து நாளைக்கு அப்படியே இருப்பாரு. சில பேர் உயிரோட இருந்தப்போகூட இவ்வளவு களையா இருந்ததில்ல."

"என்ன கலக்கறீங்க இதுல?"

"தண்ணி, சாராயம், கொஞ்சம் உப்பு. முக்கியமான சரக்கு இதான்." பக்கத்திலிருந்த பீப்பாயைத் தட்டினார். "வெள்ளைப் பாஷாணம். எலிக்கு வைக்கறதேதான். ஆனா நான் மட்டமான சரக்கை வாங்கறதில்ல."

நான் பக்கத்திலிருந்த ஒரு நாற்காலியை அளந்துகொண்டிருந்தேன். மிஸ் கோல்பி பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டீக்கன் விட்சருக்கும் இதைத்தான் ஏத்தினீங்களா?"

"அவருக்கு ரெண்டு மடங்கு! பெரிய மனுஷராச்சே. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போய் ஏத்திட்டேன். உடம்புச் சூடு ஆறறதுக்குள்ள ஏத்தினாத்தான் கன்னம் உப்பலா இருக்கும். வயித்துலயும் தனியா ஒரு குத்து குத்தி ஊத்திடுவேன், அங்கதான் முதல்ல கெடும். சரி, எந்த நாற்காலி பார்க்கறீங்க?"

மிஸ் கோல்பி நாற்காலி வாங்கவில்லை. வேகமாக வெளியே வந்தார். "கேட்டீங்கல்ல? செவ்வாய்க்கிழமை. ஜாடி வந்தது புதன்கிழமை" என்று என்னிடம் சொன்னார். நான் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நேராகத் தேயரின் அறைக்குப் போனோம். மிஸ் கோல்பி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். தேயர் பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ் கோல்பி, நீங்க கோர்ட்டுல சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. பாஷாணம் இருந்தது. ஆனா..."

"அப்போ உண்மை. உண்மையை எப்படித் திருத்தறது? பொய்யா இருந்தா திருத்தலாம், அதுக்குப் படிவம் இருக்கு."

"அந்தப் பாஷாணம் பிராக்டன் ஏத்தினது. அந்தப் பொண்ணு கொடுத்தது இல்ல."

"அவர் பைபிள் மேல கைவெச்சு உடம்பைத் தொடலைன்னு சொல்லியிருக்காரு. நீங்களும் பைபிள் மேல கைவெச்சுப் பாஷாணம் இருந்ததுன்னு சொல்லியிருக்கீங்க. ஒரே பைபிள். அவர் பக்கத்தைக் கிழிச்சா உங்க பக்கமும் சேர்ந்து வந்துடும்."

"இவரும் கூட இருந்து கேட்டாரு" என்று மிஸ் கோல்பி என்னைக் காட்டினார். தேயர் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

"உங்களுக்கு ஓய்வு வேணும். இந்த மாதிரி வேலை பெண்களோட நரம்புக்கு ஒத்துக்காதுன்னு நான் முன்னாடியே நினைச்சேன்" என்றார் தேயர். "அதுவும் போக, ரத்தக்குழாயில ஏத்தின மருந்து வயித்துக்கு எப்படிப் போகும்? விஞ்ஞானத்துக்கு ஒத்துவர மாதிரி பேசுங்க."

அவர் நரம்பு என்றதை மிஸ் கோல்பி விட்டுவிட்டார்; விஞ்ஞானம் என்றதைப் பிடித்துக்கொண்டார். பிராக்டன் பாடம் செய்த, ஆனால் நிச்சயமாக விஷத்தால் சாகாத ஓர் ஆளின் உடலைச் சோதித்துக் காட்டினால் போதும் என்று நினைத்தார். அப்படிப்பட்டவர் ஊரில் இருந்தார்: கப்பல் கேப்டன் ஜோதம் பீஸ்லி. சென்ற ஆண்டு தேவாலயத்துக்குப் புது மணி ஏற்றும்போது வடம் அறுந்து, நாற்பது பேர் கண்முன்னால் மணி அவர்மேல் விழுந்தது. விதவை திருமதி பீஸ்லி தங்கமான மனுஷி.

"ஒரு பொண்ணோட உயிரைக் காப்பாத்த ஜோதமால முடியும்னா, தாராளமாத் தோண்டிக்கோங்கம்மா. உயிரோட இருந்தப்போ அவரால ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல" என்றாள்.

குழாயில் கறுப்பு படிந்தது. மிஸ் கோல்பி மாடிப்படியில் ஓடினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தேயர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே மரண விசாரணையைக் கூட்டினார். பிராக்டன் எழுந்து, எங்கள் மாவட்ட வரலாற்றில் இடம்பெற்ற அந்த உரையை ஆற்றினார்.

"கனவான்களே! நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி விழுந்தது. நாற்பது பேரும் விலகினோம். கேப்டன் மட்டும் ஏன் விலகவில்லை? இந்தக் கேள்வி ஓர் ஆண்டாக என்னைத் தூங்கவிடவில்லை. இன்று விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது. அவர் உடம்பில் பாஷாணம் இருந்தது. பாஷாணம் தின்றவருக்குத் தலை சுற்றும். தலை சுற்றுகிறவரால் விலக முடியாது. மணி வெறும் கருவி!"

திருமதி பீஸ்லியை அன்று மாலையே கைது செய்தார்கள். பாதி மடித்த துணியைக் கையில் வைத்தபடி வண்டியில் ஏறினாள். தோண்டச் சம்மதித்தது குற்ற உணர்ச்சியைக் காட்டுகிறது என்று எழுதச் சொன்னார்கள்; எழுதினேன்.

மிஸ் கோல்பி இனிச் சோதனையே செய்ய மாட்டேன் என்றார். "நல்லது. மருந்துக்கடைக்காரர் விடுப்பு முடிஞ்சு வந்துட்டாரு. நாக்கு தயாரா இருக்கு" என்றார் தேயர். மருந்துக்கடைக்காரர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பாலில்கூட விஷம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் கோல்பி திரும்பவும் நிலவறைக்குப் போனார்.

இரண்டு விஷக்கொலைகளைக் கண்டுபிடித்த மாவட்டம் என்று பாஸ்டன் பத்திரிகைகள் எழுதின. தேயர் தம் தேர்தல் கூட்டங்களில் குழாயைத் தூக்கிக் காட்டினார். கடந்த ஐந்து ஆண்டுகளில் புதைக்கப்பட்ட எல்லோரையும் கல்லறை வரிசைப்படி தோண்டிச் சோதிப்பது என்று தீர்மானம் போட்டோம். முதல் வரிசையில் தொண்ணூற்றொரு வயதில் தூக்கத்தில் போன பாதிரியார், கறுப்பு. அவருக்குச் சமைத்துப்போட்ட விடுதிக்காரி கைதானாள். இரண்டாம் வரிசையில் பனிக்குளத்தில் சறுக்கி விழுந்து மூழ்கிய பள்ளி ஆசிரியை, கறுப்பு. அவளோடு அறையில் தங்கியிருந்த இன்னோர் ஆசிரியை கைதானாள். மூன்றாம் வரிசையில் பிரசவத்தில் இறந்தவள், கறுப்பு. மருத்துவச்சி கைதானாள். செத்த ஒவ்வொருவருக்கும் யாரோ ஒரு பெண் ஏதோ ஒருநாள் சோறு போட்டிருந்தாள். ஆகவே விசாரணையில் சிரமம் இல்லை. சிறையில் கட்டில் போதவில்லை. பிராக்டன் கொடுத்து உதவினார்.

வழியில் செத்துக் கிடந்த ஒரு நாடோடியின் உடலில் மட்டும் ஒன்றும் இல்லை. அவனுக்கு யாரும் பாடம் செய்யவில்லை. மிஸ் கோல்பி அதை நான்கு பக்கம் எழுதித் தந்தார். சமைத்துப்போட ஆளில்லாதவனுக்கு யார் விஷம் வைப்பார்கள் என்று தேயர் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினார்.

ஜனவரியில் மிஸ் கோல்பி சிறைக்குப் போய் ஆனோராவைப் பார்த்தார். பார்வையாளர் பேசுவதைக் குறிப்பெடுக்க நான் போக வேண்டியிருந்தது. ஆனோராவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றார் மிஸ் கோல்பி.

"கேட்டுட்டீங்க. உட்காருங்க மிஸ். இங்க நாற்காலி இருக்கு."

மிஸ் கோல்பி உட்காரவில்லை. "நான் விடமாட்டேன் ஆனோரா. இன்னும் வரிசை இருக்கு. எங்கேயாவது ஓர் இடத்துல அவங்களால மறுக்க முடியாம போகும்."

"ஐயோ, வேண்டாம் மிஸ்." ஆனோரா ஊசியைக் கீழே வைத்தாள். "எனக்காக இன்னும் எதையும் கண்டுபிடிச்சுத் தொலைக்காதீங்க. நீங்க ஒவ்வொரு தடவை என்னைக் காப்பாத்தும்போதும் இங்க ஒருத்தி வந்து சேர்றா. அந்த பீஸ்லியம்மா ராத்திரியெல்லாம் இருமறாங்க. மருத்துவச்சி அவங்களைப் பார்த்துக்கறா. இப்படியே போனா வெளியில பிள்ளை பெக்கறதுக்கும் ஆள் இருக்காது."

மிஸ் கோல்பியின் தோள் குலுங்கியது. ஆனோரா கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "டீக்கன் நல்ல மனுஷர் இல்ல மிஸ். ஆனா சாப்பிட்டுட்டு நல்லா இருந்ததுன்னு சொல்லுவாரு. அப்படிச் சொல்றவருக்கு யாராவது விஷம் வைப்பாங்களா?" என்றாள். பேசக் கொடுத்த நேரம் முடிந்திருந்தது.

தூக்குக்கு நான்கு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, தோண்டுகிறவர்கள் நான்காம் வரிசைக்கு வந்தார்கள். அதில் மூன்றாவது குழி திருமதி லவீனா பிராக்டனுடையது. மரண விசாரணை அதிகாரியின் முதல் மனைவி. நான்கு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் இறந்தவர். வரிசைப்படி என்பது தீர்மானம். ஜாடியும் வரிசைப்படி வந்தது. செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் மிஸ் கோல்பி குழாயை மேசைமேல் வைத்தார். இதுவரை பார்த்ததிலேயே அதுதான் கறுப்பு. பிராக்டன் மனைவியைக் கணவரின் முழு அன்போடு பாடம் செய்திருந்தார்.

காய்ச்சலின்போது திருமதி பிராக்டனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் யார் என்று ஒருவர் கேட்டார். வேறு யாரும் இல்லை, பிராக்டனே.

பிராக்டன் எழுந்தார். முகம் வேர்த்திருந்தது. "இது என்ன அநியாயம்! பாடம் செய்யும்போது நான்தான் பாஷாணம் ஏத்தினேன்! அந்த மருந்துல இருக்கு பாஷாணம்! வயித்துல நேரா ஊத்தினேன்! சோதிச்சா இருக்கத்தானே செய்யும்? இதுகூடத் தெரியாம என்ன விஞ்ஞானம்?"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மூன்று மாதமாக மிஸ் கோல்பி எழுதிய அறுபது பக்கங்களில் புரியாதது அரை நிமிடத்தில் புரிந்தது. தேயர் மேசையைத் தட்டி எழுந்தார்.

"கனவான்களே! இன்று ஒரு மகத்தான உண்மை இந்த அறையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் நம்முடைய மரண விசாரணை அதிகாரி. பாடம் செய்த உடலில் பாஷாணம் இருந்தால் அது பாடம் செய்தவருடையதாகவே கருதப்படும். இதற்கு 'பிராக்டன் விதி' என்று பெயரிட முன்மொழிகிறேன்."

கைதட்டல் எழுந்தது. திருமதி பீஸ்லியும் மற்ற மூவரும் அன்றே விடுதலை. அவர்கள் செய்யாத கொலைகளுக்காக அவர்களை மாவட்டம் மன்னித்ததாக உத்தரவு எழுதினேன். விடுதலை உத்தரவு போய்ச் சேர்ந்தபோது திருமதி பீஸ்லி எழுந்து நடக்கும் நிலையில் இல்லை, கட்டிலோடு தூக்கிப்போனார்கள். கட்டிலைத் திருப்பித் தர வேண்டும் என்று பிராக்டன் சொல்லி அனுப்பினார்.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து மிஸ் கோல்பி கேட்டார்: "ஆனோரா ஸ்கான்லன்?"

"அந்த வழக்குல இந்த விதி பொருந்தாதே. டீக்கன் விஷயத்துல ஜாடிக்கு முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி பாடம் செய்யவே இல்லையே. பிராக்டன் சத்தியம் பண்ணியிருக்காரு" என்றார் தேயர்.

எல்லோரும் பிராக்டனைப் பார்த்தார்கள். விசாரணை முடியும்முன் உடலில் மருந்து ஏற்றினால் பதவி போகும். ஏற்றிவிட்டு இல்லையென்று சத்தியம் செய்தால் சிறை. பிராக்டன் சன்னலைப் பார்த்தபடி, "டீக்கனுக்கு மட்டும் ஏத்தலை" என்றார். "மறந்துபோச்சு அன்னிக்கு."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்னு உங்க வாயால சொன்னீங்க! ரெண்டு மடங்குன்னு சொன்னீங்க!" என்றார் மிஸ் கோல்பி. "ஒரு பொண்ணு வெள்ளிக்கிழமை தூக்குல தொங்கப்போறா மிஸ்டர் பிராக்டன்!"

"பெண்களோட பேசும்போது வேடிக்கையா எதையாவது சொல்லுவேன். சாட்சின்னு நினைக்கலை."

மிஸ் கோல்பி என் பக்கம் திரும்பினார். "இவரும் இருந்தாரு. கேளுங்க."

இந்த முறை தேயர் கேட்டுவிட்டார். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் ஐயா."

"மிஸ்டர் பிராக்டன் அப்படிச் சொன்னாரா?"

எனக்கு அப்போது அந்த வேலையில் பன்னிரண்டாம் ஆண்டு. பிராக்டன் என்னைப் பார்த்தார். தேயர் பார்த்தார். மிஸ் கோல்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அப்போ நாற்காலியை அளந்துக்கிட்டு இருந்தேன் ஐயா" என்றேன்.

அது உண்மைதான்.

மிஸ் கோல்பி ஆளுநருக்குத் தந்தி கொடுத்தார். ஆளுநர் மாட்டுக் கண்காட்சியில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். கருணை மனு வேதியியல் ஆய்வாளரிடமிருந்து வருவதற்கு விதியில்லை, மரண விசாரணை அதிகாரி வழியாக வர வேண்டும் என்று வியாழக்கிழமை பதில் வந்தது. மிஸ் கோல்பி அந்தத் தாளோடு பிராக்டன் கடை வாசலில் பொழுது சாயும்வரை பனியில் நின்றார். கடை அன்று விடுமுறை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆனோராவைத் தூக்கிலிட்டார்கள். பீஸ்லியம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கடைசியாகக் கேட்டாளாம். காலுறை முடிந்திருந்தது, அதை மருத்துவச்சிக்குக் கொடுக்கச் சொன்னாளாம்.

சிறைக்குள் எப்படிச் செத்தாலும் மரண விசாரணை நடத்த வேண்டும் என்று எங்கள் சட்டம். பிராக்டன் ஆறு ஜூரிகளோடு போய் உடலைப் பார்த்தார். கழுத்தையும் பார்த்தார். "இதயம் நின்றது" என்று எழுதச் சொன்னார். பாஷாண வழக்கில் சம்பந்தப்பட்ட எந்த உடலும் சோதனைக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே ஆனோரா ஒரு ஜாடியில் நிலவறைக்கு வந்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். மிஸ் கோல்பி ஜாடியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அமிலத்தை ஊற்றினார். மூன்று நாளில் நான்கு முறை சோதித்தார். தூக்கிலிட்டவர்களைப் பாடம் செய்வதில்லை. வரவேற்பறையில் கிடத்த அவர்களுக்கு வரவேற்பறை இல்லை. நான்கு குழாய்களும் அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தன.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். "இந்த மாவட்டத்துல நீங்க மரியாதையா புதைச்ச எல்லார் உடம்புலயும் பாஷாணம் இருக்கு" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "விஷம் வெச்சாள்னு நீங்க தூக்குல போட்டவ உடம்புல மட்டும் ஒரு துளி இல்ல. வேற ஒண்ணும் நான் சொல்லப்போறதில்ல. பாருங்க."

தேயர் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெச்சும் பாவனையில் தலையசைத்தார்.

"பயங்கரமானவ. கொஞ்சம்கூட மிச்சம் வைக்காம எல்லாத்தையும் டீக்கனுக்கே போட்டிருக்கா. எழுதிக்கோங்க: 'குற்றவாளியின் உடலில் பாஷாணம் இல்லாதது, அவள் அந்த சூப்பைத் தான் குடிக்கவில்லை என்பதை விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கிறது.'"

எழுதினேன்.

மிஸ் கோல்பி குழாய்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். கதவுவரை போனவர் திரும்பி என் மேசைக்கு வந்தார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"சரியா இருக்கு" என்றார். "கீழ உங்க பேரை எழுதிடுங்க."

விதிப்படி அந்த இடத்தில் எழுத்தரின் பெயர் தேவையில்லை. ஆகவே எழுதவில்லை.